தனியார் பள்ளி ஆசிரியர்களின் கேட்கப்படாத பி.எஃப். பணமும் பென்ஷனும்: மீட்டெடுக்க ஒரு வழிகாட்டி

மெட்ரிக் பள்ளியிலோ நர்சரி பள்ளியிலோ பத்துப் பன்னிரண்டு வருடம் பாடம் நடத்திவிட்டு வேலையை விட்டவர்கள் உங்கள் வீட்டில் ஒருவராவது இருப்பார். சம்பளத்தில் பி.எஃப். பிடித்தார்கள் என்பது நினைவிருக்கும். அந்தப் பணம் என்ன ஆனது என்று கேட்டால் "அதெல்லாம் போயிருக்கும்" என்பார்கள். போகவில்லை. என் பெரியம்மா மூன்று பள்ளிகளில் வேலை பார்த்தவர். அவருடைய கணக்குகளைத் தேடி ஒன்றுசேர்த்து பென்ஷன் வாங்கும்வரை நான் அலைந்து தெரிந்துகொண்டதையெல்லாம் இங்கே வரிசையாக எழுதுகிறேன். உங்களுக்கு அந்த அலைச்சல் குறைய வேண்டும்.

முதலிலேயே ஒன்று. இந்தக் கட்டுரை தொழிலாளர் வருங்கால வைப்பு நிதியின் கீழ் வரும் தனியார் பள்ளி ஆசிரியர்களுக்கானது. அரசுப் பள்ளி, அரசு உதவிபெறும் பள்ளியில் அரசுச் சம்பளம் வாங்கியவர்களுக்குச் சட்டமே வேறு. அவர்களுக்கு 1978ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஓய்வூதிய விதிகள், மாநிலக் கணக்காயர் அலுவலகம், கருவூலம் என்று பாதை தனியாகப் போகும். 1.4.2003க்குப் பிறகு அரசுப் பணியில் சேர்ந்தவர்களுக்கு அதுவும் மாறும். ஆனால் உதவிபெறும் பள்ளியிலேயே நிர்வாகம் தன் பணத்தில் சம்பளம் கொடுத்து வைத்திருந்த ஆசிரியர்கள் பலருக்கு பி.எஃப். பிடித்திருப்பார்கள். அவர்கள் இதைத் தொடர்ந்து படிக்கலாம்.

1. உங்கள் பணம் மூன்று இடத்தில் இருக்கிறது

இதைப் புரிந்துகொள்ளாமல் விண்ணப்பித்தவர்கள்தான் பாதிப் பணத்தை விட்டுவிட்டு வந்திருக்கிறார்கள்.

முதலாவது, வருங்கால வைப்பு நிதி. உங்கள் சம்பளத்தில் பிடித்த 12 சதவீதமும், பள்ளி போட்ட பங்கில் 3.67 சதவீதமும் இதில் சேரும். வட்டி உண்டு. 2023-24, 2024-25 இரண்டு ஆண்டுகளுக்கும் 8.25 சதவீதம்.

இரண்டாவது, 1995ஆம் ஆண்டு பென்ஷன் திட்டம். பள்ளியின் பங்கில் 8.33 சதவீதம் இங்கே போகிறது. 1.9.2014 முதல் 15,000 ரூபாய் சம்பளம்வரைதான் இதற்குக் கணக்கு. அதாவது மாதம் 1,250 ரூபாய்க்கு மேல் போகாது. அதற்கு முன் உச்சவரம்பு 6,500. இதற்கு வட்டி கிடையாது. பாஸ்புக்கில் தனிப் பத்தியாகத் தெரியும். அது சேமிப்பு அல்ல. எத்தனை வருடம் வேலை பார்த்தீர்கள் என்பதை வைத்துப் பென்ஷன் வரும். இந்தத் தொகையை மட்டும் எடுத்துக் கூட்டிப் பார்த்து "இவ்வளவுதானா" என்று மனம் தளர வேண்டாம்.

மூன்றாவது, வைப்புநிதியோடு இணைந்த காப்பீடு. இதற்கு ஆசிரியர் ஒரு ரூபாயும் கட்டுவதில்லை. அதனாலேயே இப்படி ஒன்று இருப்பது குடும்பத்துக்குத் தெரிவதில்லை. பணியில் இருக்கும்போது இறந்தால் மட்டும் கிடைக்கும்.

பி.எஃப். பணத்தை எடுத்ததோடு கணக்கு முடிந்தது என்று நினைத்து, பென்ஷனைக் கேட்காமலே விட்ட ஆசிரியைகள் ஏராளம். உங்கள் வீட்டிலும் அப்படி இருந்தால், பி.எஃப். எடுத்து எத்தனை வருடம் ஆகியிருந்தாலும் பென்ஷன் உரிமை அப்படியே இருக்கலாம். 5ஆம் படியைப் பாருங்கள்.

2. கேட்காமல் விட்ட பணத்துக்குச் சட்டம் வைத்திருக்கும் கெடு

"இத்தனை வருடம் கழித்துக் கொடுப்பார்களா?" என்பதுதான் எல்லோருக்கும் வரும் சந்தேகம். சட்டம் இதில் தெளிவாக இருக்கிறது.

வேலையை விட்டதால் மட்டும் கணக்கு செயலிழக்காது. 40 வயதில் வேலையை விட்டவருக்கும் 58 வயதுவரை வட்டி ஏறும். "மூன்று வருடம் எடுக்காவிட்டால் வட்டி நின்றுவிடும்" என்று இன்றும் பலர் சொல்வது பழைய விதி. 2016இல் அது மாறிவிட்டது. 55 வயதுக்குப் பிறகு ஓய்வு பெற்றாலோ, வெளிநாட்டில் நிரந்தரமாகக் குடியேறினாலோ, இறந்துபோனாலோ, அதிலிருந்து 36 மாதத்துக்குள் கேட்காவிட்டால்தான் கணக்கு செயலற்றதாகிறது. அப்போது வட்டி நிற்கும். அசல் எங்கும் போகாது.

செயலற்றதாகி ஏழு வருடம் யாரும் கேட்காமல் கிடந்தால், 2015ஆம் ஆண்டு நிதிச் சட்டப்படி உருவாக்கிய மூத்த குடிமக்கள் நல நிதிக்கு அந்தத் தொகை மாற்றப்பட வேண்டும். ஒவ்வோர் ஆண்டும் மார்ச் 1க்குள் மாற்ற வேண்டும் என்பது விதி. அங்கே போன பிறகும் 25 வருடம்வரை உரியவரோ வாரிசோ கேட்கலாம். கேட்க வேண்டிய இடம் அதே பி.எஃப். அலுவலகம்தான், நல நிதியைத் தேடி நீங்கள் டெல்லிக்கு எழுத வேண்டியதில்லை. அந்த 25 வருடமும் கடந்தால்தான் பணம் மத்திய அரசுக்குச் சேரும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 2014 மே மாதம் 58 வயதில் ஓய்வு பெற்ற ஆசிரியை பி.எஃப். கேட்கவே இல்லை. 2017 மே மாதத்தோடு வட்டி நிற்கிறது. 2024 மே மாதம் ஏழு வருடம் முடிகிறது; 2025 மார்ச் 1க்குள் நல நிதிக்கு மாற்றம். அதன் பிறகு 2050வரை கேட்கலாம். ஆகவே பத்து வருடம், பதினைந்து வருடம் ஆகிவிட்டது என்று எவராவது கையை விரித்தால் நம்பாதீர்கள். அதற்காகத் தள்ளிப்போடவும் வேண்டாம். வட்டி நின்ற பணம் ஒவ்வொரு வருடமும் தேய்கிறது. சாட்சி சொல்ல வேண்டிய பள்ளியும் மூடிவிடலாம்.

பென்ஷனுக்கு இந்தக் கெடு வேறு மாதிரி. தகுதியுள்ளவர் 61 வயதில் விண்ணப்பித்தாலும் 58 முடிந்த மறுநாளிலிருந்து கணக்கிட்டு நிலுவையாகத் தருவார்கள். அந்த நிலுவைக்கு வட்டி வராது.

3. பழைய கணக்கு எண்ணைக் கண்டுபிடிப்பது

இங்கேதான் அதிக நேரம் போகும். 2014க்குப் பிறகு வேலையில் இருந்தவர்களுக்கு யு.ஏ.என். என்ற 12 இலக்க நிரந்தர உறுப்பினர் எண் இருக்கும். அது இருந்தால் பாதி வேலை முடிந்தது. செல்போன் எண் அதில் பதிந்திருந்தால் 99660 44425 என்ற எண்ணுக்கு மிஸ்டு கால் கொடுத்தாலே இருப்பு விவரம் குறுஞ்செய்தியாக வரும். உமங் செயலியில் பாஸ்புக் பார்க்கலாம்.

அதற்கு முன்பே வேலையை விட்டவர்களுக்கு யு.ஏ.என். இருக்காது. பள்ளிக்கு ஒரு குறியீட்டு எண், அதன் கடைசியில் ஆசிரியருக்கு ஒரு வரிசை எண், இவ்வளவுதான். இதைத் தேட:

பழைய சம்பளச் சிலிப்பு, வருடத்துக்கு ஒருமுறை பள்ளியில் கொடுத்த பி.எஃப். கணக்குச் சீட்டு, நியமன உத்தரவு, பணிச் சான்றிதழ் எதுவாக இருந்தாலும் எடுத்து வையுங்கள். பீரோவின் அடியில், சான்றிதழ் ஃபைலில், பழைய டைரியில் பாருங்கள். என் பெரியம்மாவின் ஒரு பள்ளிக் கணக்கு எண் ஒரு டைரியின் முதல் பக்கத்தில்தான் கிடைத்தது.

ஒன்றும் கிடைக்காவிட்டால் உடன் வேலை பார்த்த ஆசிரியைகளைக் கேளுங்கள். அவர்களிடம் ஒரே ஒரு சீட்டு இருந்தாலும் பள்ளியின் குறியீட்டு எண் தெரிந்துவிடும். பி.எஃப். இணையதளத்தில் பள்ளியின் பெயரைப் போட்டும் குறியீட்டு எண்ணைத் தேடலாம். அங்கே ஒரு சங்கடம்: பள்ளியின் பெயரில் பதிவு இருக்காது, அதை நடத்தும் அறக்கட்டளையின் பெயரில் இருக்கும். எனவே இரண்டு பெயரிலும் தேடுங்கள். பள்ளியின் பழைய ரசீதுப் புத்தகத்திலோ மாற்றுச் சான்றிதழிலோ அறக்கட்டளையின் பெயர் அச்சாகியிருக்கும்.

பள்ளி இன்னும் நடக்கிறது என்றால் நேரில் போங்கள். கரஸ்பாண்டெண்டைப் பார்ப்பதைவிட அலுவலகத்தில் கணக்கு பார்ப்பவரைப் பார்ப்பது பலன் தரும். பி.எஃப். பதிவேடு அவர் கையில்தான் இருக்கும். என்ன கேட்கிறீர்கள் என்பதை எழுத்தில் கொடுத்து, நகலில் தேதியோடு கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.

எதுவும் நடக்காதபோது தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. பி.எஃப். மத்திய அரசின் அமைப்பு என்பதால் இணையத்திலேயே 10 ரூபாய் கட்டி மனுப் போடலாம். 30 நாளில் பதில் தர வேண்டும். "என் பணம் எங்கே?" என்று கேட்டால் மழுப்பலான பதில் வரும். பள்ளியின் பெயர், ஊர், வேலை பார்த்த ஆண்டுகள், பிறந்த தேதி, தகப்பனார் அல்லது கணவர் பெயர் எல்லாம் கொடுத்து, "இந்தப் பள்ளியின் கணக்கில் இந்தப் பெயரில் உள்ள உறுப்பினர் எண், சேர்ந்த தேதி, விலகிய தேதி, இருப்பு ஆகியவற்றின் நகல்" என்று கேளுங்கள்.

எண் கிடைத்ததும், யு.ஏ.என். இல்லாத பழைய கணக்கானால் முதலில் யு.ஏ.என். உருவாக்கி ஆதாரை இணைக்க வேண்டும். செயலற்ற கணக்குகளுக்கு இது பி.எஃப். அலுவலகத்தின் மூலம் நடக்கும். பயனாளியே நேரில் போவது நல்லது.

4. பெயர், இனிஷியல், பிறந்த தேதி: விண்ணப்பிக்கும் முன்பே சரிசெய்யுங்கள்

கிளெய்ம் திரும்பி வருவதற்கு நம் ஊரில் முதல் காரணம் இனிஷியல். வேலையில் சேரும்போது அப்பா இனிஷியல், கல்யாணத்துக்குப் பிறகு கணவர் இனிஷியல். ஆதாரில் இனிஷியல் பின்னால், வங்கிப் புத்தகத்தில் முன்னால், பான் அட்டையில் தகப்பனார் பெயர் முழுதாக விரிந்து. நமக்கு எல்லாம் ஒரே ஆள்தான். கணினிக்கு நான்கு பேர். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் ஒரு பிறந்த தேதி, ஆதாரில் வேறு தேதி என்பதும் சகஜம்.

வரிசை இப்படி இருக்கட்டும். முதலில் ஆதாரைச் சரிசெய்யுங்கள். பெயர், முகவரி, பிறந்த தேதி திருத்தம் செய்ய ஆதார் மையத்தில் 75 ரூபாய். அடுத்து ஆதாரில் உள்ளபடியே வங்கிக் கணக்கும் பான் அட்டையும். கடைசியாகத்தான் பி.எஃப். பதிவு. இந்த வரிசையை மாற்றிச் செய்தால் ஒரே வேலையை இரண்டு முறை செய்ய வேண்டியிருக்கும்.

பி.எஃப். பதிவைத் திருத்தும் விண்ணப்பத்துக்கு ஜாயிண்ட் டிக்ளரேஷன் என்று பெயர். உறுப்பினரும் பள்ளியும் சேர்ந்து கொடுக்கும் உறுதிமொழி அது. 1.10.2017க்குப் பிறகு ஆதாரோடு பெற்ற யு.ஏ.என். என்றால் பெரும்பாலான திருத்தங்களை நீங்களே இணையத்தில் செய்துகொள்ளலாம். பழைய கணக்குக்கு பள்ளியின் ஒப்புதல் வேண்டும். பிறந்த தேதிக்கு எஸ்.எஸ்.எல்.சி. மதிப்பெண் பட்டியல், கல்யாணத்தால் மாறிய பெயருக்குத் திருமணச் சான்றிதழ், மற்றபடி ஆதார், பான், பாஸ்போர்ட்.

பள்ளி மூடிவிட்டதா? அதனால் வழி அடைபடாது. கெஜட்டட் அதிகாரி, வங்கி மேலாளர், நீதித்துறை நடுவர், தபால் அதிகாரி போன்றவர்கள் சான்றொப்பமிட்டுத் தரலாம். செயலற்ற கணக்கில் பள்ளி இல்லாதபோது, வங்கியின் கேஒய்சி (வாடிக்கையாளர் அடையாள) ஆவணங்களை வைத்தே ஆளை உறுதிசெய்யும் ஏற்பாடும் உண்டு. பென்ஷனுக்குக் கொடுக்கப்போகும் அதே வங்கிக் கிளையின் மேலாளரைக் கேளுங்கள். உங்களை அறிந்தவர் என்றால் தயங்காமல் போட்டுத் தருவார்.

இன்னொன்று விலகிய தேதி. வேலையை விட்டபோது பள்ளி அதைப் பதியவே இல்லை என்றால், கணக்கில் நீங்கள் இன்றும் வேலையில் இருப்பீர்கள். கிளெய்ம் நகராது. ஆதார் இணைந்த யு.ஏ.என். இருந்தால், கடைசிச் சந்தாவுக்கு இரண்டு மாதம் கழித்து இணையத்தில் நீங்களே அந்தத் தேதியைப் பதியலாம்.

5. பென்ஷனுக்குத் தகுதி இருக்கிறதா என்று எண்ணுங்கள்

மொத்தம் பத்து வருடம் வேண்டும். ஒரே பள்ளியில் இருக்க வேண்டியதில்லை. ஆறு மாதமோ அதற்கு மேலோ உள்ள பின்னம் ஒரு வருடமாகும். ஒன்பதரை வருடம் இருந்தால் பத்து. மூன்று பள்ளிகளில் மூன்று, நான்கு, மூன்று வருடம் என்று வேலை பார்த்தவர் தகுதியுள்ளவர்தான், பழைய கணக்குகளைப் புதியதோடு இணைத்திருந்தால் அல்லது திட்டச் சான்றிதழ் (பென்ஷனுக்கான பணிக்காலத்தைக் குறித்து பி.எஃப். அலுவலகம் தரும் சான்று) வாங்கியிருந்தால். இணைக்காமல் விட்டிருந்தால் இப்போதாவது இணைத்துவிட்டுப் பென்ஷன் கேளுங்கள். கணக்கை மாற்றும்போது பென்ஷன் பத்தியில் உள்ள தொகை புதிய கணக்கில் பூஜ்யமாகத் தெரியும். பயப்பட வேண்டாம். பணிக்காலம்தான் மாறி வரும், தொகை அல்ல.

இதில் இரண்டு பள்ளங்கள்.

ஒன்று, படிவம் 10-சி. பத்து வருடம் ஆகாமல் வேலையை விட்டவர் இதன் மூலம் பென்ஷன் பங்கைப் பணமாக எடுத்துக்கொள்ளலாம், அல்லது திட்டச் சான்றிதழ் வாங்கிப் பணிக்காலத்தைக் காப்பாற்றிக்கொள்ளலாம். பணமாக எடுத்தால் அந்தப் பணிக்காலம் அழிந்தது. ஐந்து வருடம் வேலை பார்த்தவருக்கு ஏறத்தாழ ஐந்து மாதச் சம்பளம், அதுவும் உச்சவரம்புக்குள், கிடைக்கும். அந்தக் கொஞ்சப் பணத்துக்காக ஆயுள் முழுவதும் வரும் பென்ஷனை இழந்தவர்கள் பலர். இன்னும் வேலை செய்யும் வயதிலிருக்கும் ஆசிரியை யாராவது இதைப் படித்தால், தயவுசெய்து திட்டச் சான்றிதழைக் கேளுங்கள்.

இரண்டு, மே மாதம். கோடை விடுமுறைக்குச் சம்பளம் தராத பள்ளிகள் இருக்கின்றன. அந்த மாதங்களுக்குச் சந்தா போயிருக்காது. சில பள்ளிகளில் ஏப்ரலில் விலகியதாகவும் ஜூனில் புதிதாகச் சேர்ந்ததாகவும் காட்டி வேறு எண் கொடுத்திருப்பார்கள். பன்னிரண்டு வருடம் என்று நீங்கள் நினைப்பது பதிவேட்டில் பதினொன்றாகவோ, துண்டு துண்டாகவோ இருக்கும். விளிம்பில் இருப்பவர்கள் மாதம் மாதமாக எண்ணிப் பாருங்கள்.

எவ்வளவு வரும்? கடைசி 60 மாதச் சம்பளத்தின் சராசரியைப் பணி வருடங்களால் பெருக்கி 70ஆல் வகுக்க வேண்டும். 1.9.2014க்கு முந்தைய வருடங்களுக்கு 6,500 உச்சவரம்பு, பிந்தையதற்கு 15,000. முன்பு ஒன்பது வருடம், பின்பு ஐந்து வருடம், சம்பளம் உச்சவரம்பைத் தொட்டது என்று வைத்துக்கொண்டால் முதல் பகுதி 836, இரண்டாவது 1,071. மாதம் 1,907 ரூபாய். 61 வயதில் விண்ணப்பித்தால் மூன்று வருட நிலுவை மட்டும் 68,652 ரூபாய். கணக்கில் எவ்வளவு குறைவாக வந்தாலும், 58 வயதில் பெறும் பென்ஷனுக்கு 1,000 ரூபாய் என்ற குறைந்தபட்சம் இருக்கிறது. இருபது வருடம் பணியாற்றி 58 வயதில் பென்ஷன் வாங்குபவருக்கு இரண்டு வருடம் கூடுதலாகச் சேர்ப்பார்கள். 50 வயதிலிருந்தே கேட்கலாம், ஆனால் 58க்கு எத்தனை வருடம் முன்போ அத்தனைக்கும் வருடத்துக்கு 4 சதவீதம் ஆயுள் முழுக்கக் குறையும். வேறு வருமானமே இல்லாத நிலை தவிர இதை நான் சொல்ல மாட்டேன்.

ஆயிரம், இரண்டாயிரம் என்பது இந்தக் காலத்தில் போதாத தொகைதான். ஆனாலும் மாத்திரைச் செலவுக்குப் பிள்ளைகளிடம் கை நீட்டாமல் இருக்கும் ஒரு அம்மாவுக்கு அதன் மதிப்பு தெரியும். பென்ஷன் வாங்குபவர் இறந்த பிறகும் கணவர் அல்லது மனைவிக்கு அதில் பாதி தொடர்கிறது.

6. விண்ணப்பம்

பி.எஃப். இறுதித் தொகைக்குப் படிவம் 19. பென்ஷனுக்கு படிவம் 10-டி. பத்து வருடம் இல்லாதவர்களுக்கு 10-சி. யு.ஏ.என்., ஆதார், வங்கிக் கணக்கு எல்லாம் இணைந்திருந்தால் இணையத்திலேயே முடியும். 10-டியை இணையத்தில் போட இ-நாமினேஷன், அதாவது இணையத்தில் நாமினியைப் பதிவது, முடிந்திருக்க வேண்டும். இதை எவரும் முன்கூட்டிச் சொல்வதில்லை.

காகிதத்தில் கொடுப்பவர்கள் எடுத்துப்போக வேண்டியவை: ஆதார், பான், வங்கிப் புத்தகத்தின் முதல் பக்க நகல் அல்லது ரத்து செய்த காசோலை, கணவன் மனைவி சேர்ந்த புகைப்படம், 25 வயதுக்குக் கீழே பிள்ளைகள் இருந்தால் அவர்களுடைய வயதுச் சான்று, திட்டச் சான்றிதழ் இருந்தால் அதன் அசல். எல்லாவற்றிலும் இரண்டு நகல். வங்கிக் கணக்கு சேமிப்புக் கணக்காக, பயனாளியின் பெயரில் செயல்பாட்டில் இருக்க வேண்டும். வருடக்கணக்கில் தொடாத கணக்கைக் கொடுத்தால் பணம் போய்த் திரும்பும்.

10-டியில் பென்ஷன் எந்தத் தேதியிலிருந்து என்று கேட்கும் இடத்தைக் கவனமாக நிரப்புங்கள். 58 முடிந்து சில வருடம் ஆகியிருந்தால், நிலுவை உங்கள் உரிமை. தள்ளிப்போட்டு வாங்கும் விருப்பம் என்று ஒன்று இருக்கிறது. 60 வயதுவரை ஒத்திப்போட்டால் வருடத்துக்கு 4 சதவீதம் கூடும். தெரியாமல் அதில் குறியிட்டால் நிலுவை வராது.

வரி பற்றிச் சுருக்கமாக: ஐந்து வருடத்துக்கு மேல் தொடர்ந்த பணி என்றால் பி.எஃப். தொகைக்கு வரி இல்லை. குறைவாக இருந்து தொகை 50,000 ரூபாயைத் தாண்டினால் பான் கொடுத்தவர்களுக்கு 10 சதவீதம் பிடிப்பார்கள்.

7. ஆசிரியர் இறந்துவிட்டால்

துக்கத்தில் இருக்கும் குடும்பம் பணத்தைப் பற்றிப் பேசக் கூசும். அந்தக் கூச்சத்தில்தான் பெரும்பாலான கணக்குகள் உறங்கிப்போகின்றன. பக்கத்து வீட்டுக்காரராக, உறவினராக நீங்கள் இதை எடுத்துச் செய்யலாம்.

கேட்க வேண்டியது மூன்று: பி.எஃப். தொகைக்குப் படிவம் 20, குடும்ப பென்ஷனுக்கு 10-டி, காப்பீட்டுக்கு 5-ஐ.எஃப். மூன்றும் சேர்ந்த ஒரே கூட்டுப் படிவம் இருக்கிறது. அதையே கேட்டு வாங்குங்கள், ஒன்றும் விட்டுப்போகாது.

பணியில் இருக்கும்போது இறந்தவருக்குப் பத்து வருடக் கணக்கு பொருந்தாது. ஒரே ஒரு மாதச் சந்தா போயிருந்தாலும் கணவர் அல்லது மனைவிக்குப் பென்ஷன் உண்டு. கூடவே 25 வயதுவரை இரண்டு பிள்ளைகளுக்கு, அந்தப் பென்ஷனில் தலா 25 சதவீதம். தாயும் தகப்பனும் இல்லாத பிள்ளைகளுக்கு 75 சதவீதம். காப்பீடு இப்போது 7 லட்சம்வரை. பன்னிரண்டு மாதம் தொடர்ந்து பணியாற்றியவருக்குக் குறைந்தது 2.5 லட்சம். முன்பே இறந்தவர்களுக்கு இறந்த தேதியில் என்ன வரம்போ அதுதான். வேலையை விட்ட பிறகு, 58க்கு முன் இறந்தவர் பத்து வருடம் முடித்திருந்தால் குடும்பத்துக்குப் பென்ஷன் உண்டு.

நாமினி விஷயத்தில் ஒரு விதியைத் தெரிந்துகொள்ளுங்கள். கல்யாணத்துக்கு முன் கொடுத்த நாமினேஷன், கல்யாணம் ஆனதும் செல்லாது. இருபத்திரண்டு வயதில் வேலைக்குச் சேரும் பெண் அம்மா பெயரையோ தம்பி பெயரையோ எழுதியிருப்பார். பிறகு மாற்றியிருக்க மாட்டார். அப்போது நாமினி இல்லாத கணக்காகவே கொள்வார்கள். நாமினி இல்லையென்றால் குடும்பத்தினருக்குச் சமபங்கு. அதிலும் வயதுவந்த மகன்களுக்கும், கணவர் உயிரோடு இருக்கும் மணமான மகள்களுக்கும், குடும்பத்தில் வேறு உரியவர் இருக்கும்வரை பங்கில்லை. சொத்து பாகத்தில் நாம் பார்க்கும் வாரிசு முறை இங்கே நேரடியாகப் பொருந்தாது என்பதை வீட்டில் முன்பே சொல்லிவிடுங்கள். சண்டை தவிரும்.

ஆவணங்கள்: இறப்புச் சான்றிதழ், தாசில்தார் தரும் வாரிசுச் சான்றிதழ், எல்லா உரியவர்களின் ஆதார், வங்கி விவரம், பிள்ளைகளின் வயதுச் சான்று. வாரிசுச் சான்றிதழுக்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கலாம். சேவைக் கட்டணம் 60 ரூபாய். கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர் விசாரணை முடிந்துதான் வரும் என்பதால் இதை முதல் வேலையாகப் போடுங்கள். இறப்புச் சான்றிதழிலும் ஆதாரிலும் உள்ள பெயர் ஒன்றாக இருக்கிறதா என்று சான்றிதழ் கைக்கு வரும் நாளிலேயே பாருங்கள். பிறகு திருத்துவது பெரும்பாடு.

8. செலவும் இடைத்தரகரும்

பி.எஃப். கிளெய்முக்குக் கட்டணமே கிடையாது. நகல், போட்டோ, ஆதார் திருத்தம், வாரிசுச் சான்றிதழ், பஸ் செலவு எல்லாம் சேர்ந்தாலும் சில நூறு ரூபாய்க்குள் அடங்கும். பி.எஃப். கன்சல்டண்ட் என்று சிலர் வரும் தொகையில் பங்கு கேட்பார்கள். கணினி தெரியாதவருக்குப் படிவம் நிரப்பித் தருவதற்கு ஒரு கூலி கொடுப்பதில் தவறில்லை. பங்கு கொடுக்காதீர்கள். ஆதார் ஓ.டி.பி.யையும் யு.ஏ.என். கடவுச்சொல்லையும் எவரிடமும் தரவே தராதீர்கள். நல நிதியிலிருந்து பணம் விடுவிக்க "முன்பணம்" கேட்டு அழைப்பு வந்தால் அது மோசடி.

9. தாமதமானால்

எல்லா ஆவணமும் சரியாக இருந்தால் 20 நாளில் தீர்க்க வேண்டும் என்பது விதி. போதிய காரணமின்றித் தாமதித்தால் ஆண்டுக்கு 12 சதவீத அபராத வட்டி, அதைப் பொறுப்பான ஆணையரின் சம்பளத்திலிருந்தே பிடிக்கலாம் என்றும் அதே விதி சொல்கிறது. நினைவூட்டுக் கடிதத்தில் இந்த விதியைப் பணிவாகக் குறிப்பிடுங்கள்.

கிளெய்மை நிராகரித்தால் காரணத்தை எழுத்தில் வாங்குங்கள். ஒரு குறையைத் திருத்தி அனுப்பியதும் அடுத்த குறையைச் சொல்வது நடக்கும். "எல்லாக் குறைகளையும் ஒரே தடவையில் தெரிவியுங்கள்" என்று எழுதிக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. அடுத்தது இணையத்தில் உள்ள குறைதீர்ப்புத் தளம். புகாரின் எண் உங்களுக்கு ஆதாரம். உதவி எண் 14470. ஒவ்வொரு மாதமும் 27ஆம் தேதி மாவட்டந்தோறும் பி.எஃப். குறைகேட்பு முகாம் நடக்கிறது, விடுமுறை என்றால் அடுத்த வேலை நாளில். எங்கள் வேலை பெரும்பாலும் அங்கேதான் நகர்ந்தது. எதிரில் உட்கார்ந்து பேச முடிகிறது, அதிகாரி அங்கேயே பதிவைத் திறந்து பார்க்கிறார். வயதானவர்களை அலுவலகத்துக்கு அலைய விடாமல் அந்த முகாமுக்கு அழைத்துப் போங்கள்.

சம்பளத்தில் பி.எஃப். பிடித்துவிட்டுப் பள்ளி கட்டவே இல்லை என்று தெரிந்தால் சம்பளச் சிலிப்பு நகலோடு புகார் கொடுங்கள். விசாரித்து, அபராதத்தோடு பள்ளியிடம் வசூலிக்க பி.எஃப். அமைப்புக்கு அதிகாரம் இருக்கிறது. ஒருவராகப் போவதைவிட அதே பள்ளியில் வேலை பார்த்த நான்கைந்து ஆசிரியர்கள் சேர்ந்து கையெழுத்திட்டால் வேகம் கூடும்.

10. பென்ஷன் வரத் தொடங்கிய பிறகு

பென்ஷன் உத்தரவு எண் 12 இலக்கம். அதைக் குடும்பத்தில் இன்னொருவருக்கும் தெரியும்படி எழுதி வையுங்கள். 2025 ஜனவரியிலிருந்து நாட்டில் எந்த வங்கியின் எந்தக் கிளையிலும் பென்ஷன் வாங்கலாம். மகள் வீட்டுக்குக் குடிபோனாலும் கோப்பை மாற்ற வேண்டியதில்லை.

வருடத்துக்கு ஒருமுறை உயிர்ச்சான்று கொடுக்க வேண்டும். நவம்பரில்தான் என்பது அரசு ஓய்வூதியர்களுக்கு. இந்தத் திட்டத்தில் எந்த மாதமும் கொடுக்கலாம், கொடுத்த நாளிலிருந்து 12 மாதம் செல்லும். வங்கியிலோ இ-சேவை மையத்திலோ விரல் ரேகை வைத்துக் கொடுக்கலாம். சாக்பீஸ் பிடித்தும் பாத்திரம் துலக்கியும் தேய்ந்த விரல்களில் ரேகை விழாமல் போவதுண்டு. செல்போனில் முகத்தைக் காட்டிப் பதிவுசெய்யும் வசதி இருக்கிறது, அதைக் கேளுங்கள். சான்று கொடுக்கத் தவறினால் பென்ஷன் நிற்கும். கொடுத்ததும் நின்ற மாதங்களுக்கும் சேர்த்து வரும்.